பொன் நிறம் போன ஸ்வர்ணா

2021 நவம்பர் மழையில் சித்தப்பாவின் வயல் பத்து நாள் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பாப் பயிர். வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளக்காடு, கரண்டு கம்பத்தை அடையாளம் வைத்துத்தான் "அந்தக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் நம்மது" என்று காட்ட முடிந்தது. டெல்டாக்காரர்களுக்கு இது புதிதில்லை. வடிகால் ஆறே நிரம்பி நிற்கும்போது வயல் தண்ணீர் எங்கே போகும்? நிற்கும். பயிர் அழுகும். அப்புறம் கணக்கெடுக்க வருவார்கள்.

அந்த வருடம் மட்டும் ஒரு சின்ன வித்தியாசம். சித்தப்பா எப்போதும் போடுவது சி.ஆர். 1009, பொன்மணி என்றும் சொல்வார்கள், இட்லிக்கு ஊறப்போடும் குண்டரிசி. வீட்டில் எடுத்துவைத்த விதை போதாமல், பாதி வயலுக்கு மட்டும் வெளியே 'சி.ஆர். 1009 சப்-1' என்று ஒரு விதையை வாங்கி நாற்று விட்டிருந்தார். அந்த 'சப்-1' என்னவென்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை, விற்றவர் சொல்லவும் இல்லை. தண்ணீர் வடிந்தபோது வீட்டு விதை நட்ட பக்கம் குழைந்து, சேற்றோடு சேறாகப் படுத்து, நாற்றம் எடுத்தது. மறுபக்கமும் பார்க்கச் சகிக்கவில்லைதான். மஞ்சளாக, குட்டையாக, இலையெல்லாம் சேறு அப்பி. ஆனால் பிடித்து இழுத்தால் கையோடு வரவில்லை, ஒரு வாரத்தில் நடுக்குருத்து பச்சையாக எட்டிப் பார்த்தது.

ஃபோனில் கேட்டார்: "நீ காலேஜ்ல நெல்லு இலையைக் கிள்ளிக் கிள்ளி டப்பாவுல போட்டுக்கிட்டு இருந்தியே, அதுதானா இது?"

அதுதான் சித்தப்பா, கிட்டத்தட்ட அதேதான். இரண்டு நிமிடத்தில் நான் சொன்னது அவருக்கும் புரியவில்லை, எனக்கும் திருப்தியில்லை. அதனால் இந்த நீளமான பதில். அவர் இதையெல்லாம் படிக்கமாட்டார், அது வேறு விஷயம்.

கதை ஒடிசாவில் தொடங்குகிறது. வெள்ளம் வந்து போகும் பள்ளக்கால் நிலங்களில் அங்கே விவசாயிகள் காலம் காலமாக வைத்திருந்த ஒரு நாட்டு ரகம் தலபுத்தியா. அதிலிருந்து பொறுக்கித் தேர்ந்தெடுத்த ஒரு வகைக்கு எஃப்.ஆர்.13ஏ என்று பெயர் வைத்தார்கள். எஃப்.ஆர். என்றால் வெள்ளத்தைத் தாங்குவது என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம். இரண்டு வாரம் முழுக்க மூழ்கிக் கிடந்தாலும் எழுந்து நிற்கும். பெரும்பாலான ரகங்கள் ஒரு வாரத்திலேயே கையை விரித்துவிடும். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் ஆயிரக்கணக்கான ரகங்களைத் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்த்தபோதும் முன்வரிசையில் நின்றது இதுதான்.

அப்படியானால் அதையே நட்டுவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். நெடுநெடுவென வளரும், சாயும், மகசூல் குறைவு. வெள்ளம் வராத வருடங்களில் அதை நட்டவன் பக்கத்து வயலைப் பார்த்து வயிறு எரிய வேண்டியதுதான். வெள்ளம் எல்லா வருடமும் வராது என்பது விவசாயிக்குத் தெரியும். வரும் ஒரு வருடத்துக்காக வராத மூன்று வருடங்களை யாரும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள்.

சரி, நல்ல மகசூல் தரும் ரகத்தோடு ஒட்டுச் சேர்த்தால்? சேர்த்தார்கள், பல வருடங்கள் சேர்த்தார்கள். தண்ணீரையும் தாங்கி ஓரளவு விளைச்சலும் தரும் வகைகள் கிடைக்கவும் செய்தன. ஆனால் விவசாயி கேட்பது 'ஓரளவு நல்ல ஒரு புது நெல்' இல்லை. அவருக்குத் தன்னுடைய நெல்தான் வேண்டும். அதே வயது, அதே அரிசி, அதே வைக்கோல், வியாபாரி பார்த்ததும் விலை சொல்கிற அதே மணி. வெள்ளம் வந்தால் மட்டும் சாகக்கூடாது. நெல் வளர்ப்பு ஆராய்ச்சியில் எதைக் கொண்டுவருகிறோம் என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு என்னவோ எதை விட்டுவிட்டு வருகிறோம் என்பதுதான் பெரிய வேலையாகத் தெரிகிறது. மாப்பிள்ளை பிடித்திருக்கிறது என்று வீட்டோடு வைத்துக்கொள்ளப் போனால், அவரோடு அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகளும் மூட்டை முடிச்சோடு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். யாரை எப்படிக் கிளப்புவது? யார் எந்த மூலையில் படுத்திருக்கிறார் என்று தெரிந்தால்தானே கிளப்ப முடியும்.

வரைபடம் வேண்டியிருப்பது அதற்குத்தான்.

நெல்லுக்கு 12 ஜோடி குரோமோசோம்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய் வழி, ஒன்று தந்தை வழி. அடுத்த தலைமுறைக்குப் போகும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, அங்கங்கே வெட்டித் துண்டு மாற்றிக்கொள்ளும். சீட்டுக்கட்டை வெட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சீட்டுகள் ஒரு வெட்டில் பிரிவது அபூர்வம், மேலே ஒன்றும் அடியில் ஒன்றுமாக இருப்பவை சுலபமாகப் பிரிந்துவிடும். ஆகவே எந்த இரண்டு குணங்கள் எத்தனை முறை சேர்ந்தே வருகின்றன, எத்தனை முறை பிரிகின்றன என்று பிள்ளைப் பயிர்களில் எண்ணிக்கொண்டே போனால், அவை கட்டில் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று கணக்குப் போட்டுவிடலாம். மரபணுவைக் கண்ணால் பார்க்கவே வேண்டாம். அடையாளத்துக்கு டிஎன்ஏவில் அங்கங்கே இரண்டு பெற்றோருக்கும் வித்தியாசப்படும் இடங்களைக் குறித்துவைத்துக்கொள்வார்கள், அவைதான் மார்க்கர்கள். கரண்டு கம்பத்தை வைத்து வயலை அடையாளம் சொல்வது போலத்தான்.

அமெரிக்காவில், டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கெனாங் சூ, டேவிட் மெக்கில் இருவரும் இதைச் செய்தார்கள். எஃப்.ஆர்.13ஏ வழிவந்த ஒரு நெல்லை, தண்ணீர் தாங்காத ஒரு ஜப்பானிகா இன நெல்லோடு ஒட்டுச் சேர்த்து, வந்த பிள்ளைகளையெல்லாம் மூழ்கடித்து, எது பிழைத்தது எது செத்தது என்று குறித்து, மார்க்கர்களோடு பொருத்திப் பார்த்தார்கள். தண்ணீரைத் தாங்குவது போன்ற ஒரு குணத்துக்குப் பின்னால் பத்து இருபது மரபணுக்கள் சிதறிக் கிடந்திருந்தாலும் யாரும் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள். வந்த விடை 1996-இல் வெளியானது: ஒன்பதாவது குரோமோசோமில் ஒரே ஓர் இடம், பிழைப்பதிலும் சாவதிலும் தெரிந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு அதுவே காரணம். அந்த இடத்துக்கு வைத்த பெயர்தான் சப்-1.

இடம் தெரிந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. தெரு தெரிந்ததே தவிர வீட்டு எண் தெரியாது. இன்னும் ஆயிரக்கணக்கான பயிர்கள், இன்னும் நெருக்கமான மார்க்கர்கள், அந்தத் தெருவுக்குள்ளேயே வெட்டு விழுந்த அபூர்வமான பிள்ளைகளைத் தேடித்தேடி வட்டத்தைச் சுருக்க வேண்டும். அதற்குப் பத்து வருடம் ஆனது. 2006-இல் சூ, மெக்கில், பமேலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செர்ரெஸ் முதலானோர் அடங்கிய குழு மரபணுவையே பிடித்தது, சப்-1ஏ.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இங்கேதான் வருகிறது. 2005-இல் நெல்லின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்துமுடித்ததாக உலகம் கொண்டாடியது. 1998 முதல் பல நாடுகள் குரோமோசோம்களைப் பங்கு பிரித்துக்கொண்டு செய்த வேலை, இந்தியாவுக்குப் பதினொன்றாவது குரோமோசோமில் பங்கு. சுமார் 39 கோடி எழுத்துகள். படித்த ரகம் ஜப்பானின் நிப்பொன்பாரே. அந்தப் புத்தகத்தில் சப்-1ஏ இருக்க வேண்டிய பக்கத்தைத் திறந்தால் அங்கே அதன் உடன்பிறப்புகள் சப்-1பி இருக்கிறது, சப்-1சி இருக்கிறது, சப்-1ஏ இல்லவே இல்லை. எழுத்துப்பிழை இல்லை, நிப்பொன்பாரேயிடம் அந்த மரபணுவே கிடையாது. புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு கணினி முன்னால் எத்தனை வருடம் உட்கார்ந்திருந்தாலும் அது கிடைத்திருக்காது. தலபுத்தியாவின் பிள்ளைகளைத் தண்ணீரில் முக்கி எண்ணியவர்களுக்குத்தான் கிடைத்தது. 2012-இல் இன்னொரு முறையும் இதேதான் நடந்தது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த மண்ணிலும் வேரை விட்டு இழுத்துக்கொள்ள உதவும் மரபணு ஒன்றை, காசலத் என்ற நம் நாட்டுப் பழைய நெல்லில் பிடித்தார்கள். அதுவும் நிப்பொன்பாரேயில் கிடையாது.

அப்படி என்னதான் செய்கிறது இந்த சப்-1ஏ? ஒன்றும் செய்யாமல் இருக்க வைக்கிறது. சாதாரண நெல் தண்ணீரில் மூழ்கியதும் பதறும். உடம்புக்குள் எத்திலீன் வாயு வெளியேற வழியில்லாமல் சேர, அந்தச் செய்தியைக் கேட்டு 'மேலே போ, மேலே போ' என்று இலையையும் தண்டையும் இழுத்து நீட்டும். சேர்த்துவைத்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே கரைந்துபோகும். தண்ணீர் வடியும்போது நோஞ்சானாக நீண்டு கிடக்கும், நிற்க வலுவிருக்காது. சப்-1ஏ உள்ள பயிரிலும் அதே எத்திலீன்தான் சேர்கிறது, ஆனால் அது சப்-1ஏவை முடுக்கிவிட, அது வளர்ச்சிக்கான ஜிபெரலின் சமிக்ஞையைக் காதில் வாங்காதபடி பயிரை அடக்கிவைக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடு, வந்த தண்ணீர் போய்த்தானே ஆக வேண்டும்.

இதற்கு நேர் எதிரான புத்தியும் நெல்லுக்கு உண்டு. மாதக்கணக்கில் ஆழமாகத் தண்ணீர் நிற்கும் இடங்களில் படுத்தால் செத்துப்போகும், ஓடத்தான் வேண்டும். வங்காளத்துப் பக்கத்து ஆழ்நீர் நெல் தண்ணீர் ஏற ஏறத் தானும் பல மீட்டர் உயரும். அந்த வேலையைச் செய்யும் இரண்டு மரபணுக்களை ஜப்பானின் நகோயாவில் 2009-இல் கண்டுபிடித்து ஸ்னார்க்கல் என்று பெயர் வைத்தார்கள், முங்குகிறவர்கள் வாயில் வைத்துக்கொள்ளும் குழாயின் பெயர். வேடிக்கை என்னவென்றால் அவையும் சப்-1ஏவும் ஒரே குடும்பத்து மரபணுக்கள், கேட்பதும் அதே எத்திலீனைத்தான். ஒன்று படு என்கிறது, மற்றது எழுந்து ஓடு என்கிறது. நம்மூர் நாட்டு நெல் மடுமுழுங்கி எந்தக் கட்சி என்று எனக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை, யாராவது பார்த்துச் சொன்னால் தேவலை.

இனி விவசாயி கேட்டது, 'என்னுடைய நெல்லை எனக்கே கொடு'. முதலில் எடுத்துக்கொண்ட ரகங்களில் ஒன்று ஸ்வர்ணா. ஆந்திராவின் மார்ட்டேரு ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்து ஒடிசா, வங்காளம், பீகார் என்று கிழக்கு இந்தியாவையே பிடித்துக்கொண்ட நெல். மசூரி வழி வந்தது, அந்த வகையில் நம் பொன்னிக்கும் ஆந்திரா பொன்னி என்று நாம் வாங்கும் பி.பி.டி.க்கும் சொந்தக்காரன். ஸ்வர்ணாவை சப்-1 உள்ள நெல்லோடு சேர்த்தால் பிள்ளை பாதி ஸ்வர்ணா. அதைத் திரும்பவும் ஸ்வர்ணாவோடே சேர்த்தால் சராசரியாக 75 சதவீதம், மறுபடி சேர்த்தால் 87.5, மறுபடி 93.75. இந்தக் கணக்கு பழையது, மார்க்கர் இல்லாத காலத்திலேயே செய்ததுதான். ஆனால் சராசரி என்பது சராசரிதான். நூறு பிள்ளைகளில் சில, அதிர்ஷ்டத்தால், முன்னாலேயே வெகுதூரம் ஸ்வர்ணாவாகியிருக்கும், அது எது என்று இலையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, டிஎன்ஏவைப் பார்த்தால் முடியும்.

என் காலேஜ் வேலை இதுதான், வேறொரு நெல், வேறொரு மரபணு. காலையில் பூ திறப்பதற்கு முன்னால் போய் ஒவ்வொரு நெல் பூவின் நுனியையும் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் ஒன்று விடாமல் எடுத்து, காகித உறை மாட்டிவிட வேண்டும். பத்து பத்தரை வாக்கில் ஆண் கதிர் பூத்ததும் கொண்டுபோய் உறைக்குள் உதற வேண்டும். பத்து பூ செய்தால் நாலு நெல்மணி பிடித்தால் பெரிய விஷயம். அந்த மணிகளை முளைக்கவைத்து, நாற்று ஒவ்வொன்றிலும் ஓர் இலைத்துண்டு கிள்ளி, குழாயில் போட்டு அரைத்து, டிஎன்ஏ எடுத்து, பிசிஆர் போட்டு (வேண்டிய துண்டை மட்டும் ஏராளமாக நகல் எடுப்பது), ஜெல்லில் ஓட்டினால் கோடு கோடாகத் தெரியும். வேண்டிய மரபணு இருக்கிறதா, இல்லையா. இல்லாதவை அன்றைக்கே குப்பைக்கு. இருப்பவற்றில், மரபணுவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெருக்கத்தில் வெட்டு விழுந்தவை எவை? திண்ணையில் உட்கார்ந்த சொந்தக்காரர்களைக் கிளப்புவது இந்தக் கட்டத்தில்தான். அதிலும் தேறியவற்றில், மிச்சப் பதினொரு குரோமோசோமிலும் யார் அதிகம் தாய் ரகம் மாதிரி இருக்கிறார்கள் என்று கடைசியில் பார்ப்போம். ஒருமுறை எட்டுக் குழாய் அட்டை ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டு, வேண்டாத எட்டை வைத்துக்கொண்டு வேண்டிய எட்டை நானே பிடுங்கி எறிந்தேன். குற்றம் முழுக்க என்னுடையதுதான். பெயர் எழுதும் விஷயத்தில் அன்றிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது, வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் தேதியோடு ஒட்டிவைக்கிறேன்.

ஸ்வர்ணாவுக்கு இந்த வேலை இரண்டு மூன்று வருடத்தில் முடிந்துபோனது. பழைய முறையில் இது பத்து வருட சமாச்சாரம். 2009-இல் ஸ்வர்ணா சப்-1 இந்தியாவில் வெளியானது. அப்படியே ஸ்வர்ணா, ஒரே ஒரு வித்தியாசம். ஸ்வர்ணாவின் உமி பொன் நிறம், பெயரே அதனால்தான் பொருந்தி நிற்கிறது. ஸ்வர்ணா சப்-1இன் உமி வெளிர் வைக்கோல் நிறம். சப்-1 இருக்கும் அதே ஒன்பதாவது குரோமோசோமில், கிட்டத்திலேயே உமி நிறத்தைத் தீர்மானிக்கும் ஓர் இடமும் இருக்கிறது, அது கூடவே வந்துவிட்டது. இவ்வளவு பார்த்துப் பார்த்து வெட்டியும் ஒரு சொந்தக்காரர் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. நல்லவேளை, சாதுவான ஆள். மூட்டையைப் பிரித்துப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடுகிறதே, அதுவும் ஒரு வசதி.

ஒடிசாவில் 128 கிராமங்களில் இதை விவசாயிகள் கையில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வந்தது. பத்து நாள் மூழ்கிய வயல்களில் ஸ்வர்ணாவைவிட 45 சதவீதம் கூடுதல் விளைச்சல். வெள்ளம் வராத வயலில் நஷ்டம் ஒன்றுமில்லை. அதைவிட என்னை உட்காரவைத்தது இன்னொரு கண்டுபிடிப்பு. அதிகம் பலன் பெற்றவர்களில் தலித் விவசாயிகள் முன்னால் நின்றார்கள், காரணம் ஊரில் வெள்ளம் முதலில் ஏறும் பள்ளமான நிலங்கள் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருந்தன. நிலம் யாருக்கு எப்படிப் பிரிந்தது என்ற பழைய கணக்கெல்லாம் அந்த விளைச்சல் எண்களுக்கு அடியில் கிடக்கிறது. அப்புறம், பயிர் பிழைக்கும் என்ற தைரியம் வந்ததும் ஜனங்கள் உரத்துக்குக் கூடுதலாகச் செலவு செய்தார்கள், தூவி விதைத்தவர்கள் நடவுக்கு மாறினார்கள் என்றும் அதே குழுவைச் சேர்ந்தவர்கள் பின்னால் எழுதினார்கள்.

ஸ்வர்ணாவுக்கு அடுத்தடுத்து சம்பா மசூரி, ஐ.ஆர்.64, வங்கதேசத்தின் பி.ஆர்.11, லாவோஸின் டி.டி.கே.1, அப்புறம் நம் சி.ஆர். 1009. கட்டாக்கில் பிறந்து டெல்டாவில் வாக்கப்பட்ட நெல்லுக்கு, ஒடிசாவின் தலபுத்தியாவிலிருந்து ஒரு துண்டு, கலிஃபோர்னியாவும் பிலிப்பைன்ஸும் சுற்றி வந்து சேர்ந்தது. சித்தப்பா வாங்கிய மூட்டையில் இருந்தது அதுதான்.

இதை எங்கே சொன்னாலும் 'மரபணு மாற்றுப் பயிரா?' என்று ஒருவர் கேட்பார். இல்லை. நெல்லை நெல்லோடு சேர்த்த ஒட்டுதான், மார்க்கர் என்பது பிள்ளைகளில் யாரை வைத்துக்கொள்வது என்று சொல்லும் சோதனை, அவ்வளவே. விதையை வீட்டில் எடுத்துவைத்துத் திரும்ப நடலாம், வீரிய ஒட்டு மாதிரி வருடா வருடம் கடைக்குப் போக வேண்டியதில்லை. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த மரபணுத் திருத்த நெல்கள் வேறு வழி, அந்தச் சண்டையை அதற்கான இடத்தில் போடலாம். பாரம்பரிய நெல் நண்பர்களிடம் எனக்கு ஒரே ஒரு வருத்தம், 'லேப் நெல்' என்று இதை ஒதுக்கிவிடுகிறார்கள். லேப்காரர்களிடமும் ஒரு வருத்தம் உண்டு, நெல் ஜெயராமன் மாதிரி ஓர் ஆள் 170 சொச்சம் ரகங்களை ஊர் ஊராக அலைந்து சேர்த்ததை ஏதோ பொழுதுபோக்கு மாதிரிப் பேசுகிறார்கள். தலபுத்தியாவை ஒடிசாக்காரர்கள் விளைச்சல் இல்லை என்று கைவிட்டிருந்தால் இவர்கள் எதை முக்கிப் பார்த்திருப்பார்கள்? கேரளத்தில் உப்புத் தண்ணீரில் நிற்கும் பொக்காளி இல்லாவிட்டால், முதல் குரோமோசோமில் உப்பைத் தாங்கும் இடத்தை எங்கே போய்த் தேடியிருப்பார்கள்?

சப்-1 சர்வரோக நிவாரணி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயிர் இளசாக இருக்கும்போது, இரண்டு வாரம் வரை, முழுக்க மூழ்கி வடிந்தால் பிழைக்கும். முழங்கால் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி நின்றால் அது வேறு கஷ்டம், அதற்கு வேறு மரபணுக்கள் வேண்டும். விதைத்த நெல் முளைக்கும் முன்பே மூழ்கினாலும் உதவாது. பூக்கும்போதும், 2021 ஜனவரியில் வந்த மாதிரி அறுக்கும் நேரத்து மழையிலும், கதிர் சாய்ந்து நெல் முளைத்துப் போவதை இது தடுக்காது. வடிகாலைத் தூர்வாரும் மரபணுவை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்தப் பாதி வயலில் எடுத்த விதையைத்தான் சித்தப்பா இப்போது முழுக்க நடுகிறார். பக்கத்தில் மூன்று பேர் கேட்டு வாங்கிப் போனார்கள், அவர்களில் ஒருவர் வேறு எங்கோ வாங்கிய விதையையும் சேர்த்து நட்டு, இப்போது எது எது என்று தெரியாமல் முழிக்கிறார். ஸ்வர்ணா மாதிரி உமி நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிட நம் சித்தப்பாவால் முடியவில்லை, உள்ளங்கையில் இரண்டையும் வைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். இலை அனுப்புங்கள், சீனியர் ஒருவரின் லேப்பில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

"எதுக்குடா, ஐப்பசி கார்த்திகை வந்தா தானா தெரிஞ்சுட்டுப் போவுது" என்றார். ஆனாலும் அனுப்பினார். போன வாரம் கூரியரில் நாலு கவர் வந்தது, காய்ந்த இலை, பரவாயில்லை, டிஎன்ஏ எடுக்கக் காய்ந்ததே போதும். ஒன்றில் 'கம்பத்துக்கு இந்தண்டை', ஒன்றில் 'கம்பத்துக்கு அந்தண்டை', மூன்றாவதில் பக்கத்துக்காரர் வயலின் பெயர். நாலாவதில் எழுத மறந்துவிட்டார்.